டிஷ்யூ பாக்கெட் வைத்த நாற்காலி

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த பழைய கிட்டங்கி ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே பதினோரு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறேன். இந்த வேலையில் சம்பளத்தைவிட அதிகமாகச் சேர்வது சந்தேகம். படுக்கை விரிப்பைப் பார்த்தால் இரண்டு பேரில் யார் தூங்கவில்லை என்று சொல்லிவிடுவேன். குப்பைக்கூடையைப் பார்த்தால் யார் டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவேன். தனியாக வந்திருக்கிறேன் என்று ரிசப்ஷனில் சொன்னவரின் குளியலறையில் இரண்டு பிரஷ் ஈரமாக இருக்கும். யாரிடமும் போய்ச் சொல்லமாட்டேன். ஆனால் பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க எனக்கு வராது.

வீட்டிலும் இதே குணம்தான். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருந்தால்கூட எந்த ஸ்டாப்பில் இருந்து எந்த ஸ்டாப் வரை என்று பார்ப்பேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்டீ" என்பார் என் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லமாட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது பதினாறு வருடத்தில் இரண்டு தடவைதான். அதுவும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பியது. இவ்வளவு நல்ல மனுஷன் எங்காவது இருப்பானா?

அவர் தோப்பும்படியில் ஒரு ஏசி ரிப்பேர் கடையில் மெக்கானிக்காக இருந்தார். ஏசி மெக்கானிக் என்றால் குளிர்ந்த அறையில் இருப்பார் என்று நினைக்கக்கூடாது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் குளிர். இவர் சுவருக்கு வெளியே, மூன்றாவது மாடிச் சன்னலுக்குக் கீழே கம்பியில் காலை ஊன்றிக்கொண்டு, கொதிக்கிற பெட்டியைத் திறந்துகொண்டிருப்பார். என் அக்காவின் வீட்டுக்காரருக்கு வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீசில் வேலை. சுழலும் நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றி அக்கா பேசாத விசேஷ வீடு கிடையாது. உட்கார்ந்தே இருப்பதால் அவருக்கு முதுகுவலியாம். அந்த முதுகுவலியைக்கூடப் பெருமையாகச் சொல்வாள்.

சிங்கப்பூரில் வேலை என்று ஏஜென்ட் சொன்னபோது நான்தான் அவரைத் தள்ளாத குறையாக அனுப்பினேன். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் இருக்கிற பகுதி, வானத்தை முட்டும் கட்டடங்கள், அதற்குள் ஏசி பராமரிப்பு. நெடும்பாசேரி விமான நிலையத்தில் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது சொன்னேன்: "அங்க போயாவது ஒரு நாற்காலியில உக்காந்து வேலை பாருங்க. அத நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரித்தார்.

அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே பத்து மணி. தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவார். அந்த நேரம் எனக்கு மாடியில் முன்பக்க அறை. தங்கியிருப்பவர்கள் ஊர் சுற்றக் கிளம்பியிருப்பார்கள். சன்னல் ஓரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி, வெளியே காயல், அக்கரையில் துறைமுகத்துக் கிரேன்கள். அறையில் இருக்கும் நாற்காலியில் வேலைக்காரர்கள் உட்காரக்கூடாது என்பது விடுதியின் சட்டம். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துகொள்வேன். பத்து நிமிடம்தானே.

"ஒன்னோட ரூம் ஜோராருக்கே" என்றார் ஒரு நாள். எனக்குச் சூப்பர்வைசர் வேலை தரப்போகிறார்கள் என்று அதற்கு முந்தின வாரம் அவரிடம் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு பேச்சு அடிபட்டது உண்மை. பேச்சோடு நின்றும் போனது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் என் அறை என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

முதல் மாதம் முழுக்க எனக்குத் திருவிழாதான். அவர் உட்கார்ந்திருப்பது ஒரு பெரிய சாப்பாட்டுக்கூடம். வெளியே கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றின் முகத்தில் ஒன்று தெரிய நிற்கும். கழுத்தில் அட்டை தொங்க ஆணும் பெண்ணும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். யாரும் யாரையும் இடிக்கமாட்டார்கள், யாரும் யாரையும் பார்க்கவும்மாட்டார்கள். என் வீட்டுக்காரர் நடுவில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாவது மாதம்தான் என் மூக்கு வேலையை ஆரம்பித்தது.

முதலில் சட்டை. தினமும் அதே வெளிர்நீலச் சட்டை. கேட்டேன். "யூனிபாரம்டீ" என்றார். காலரிலிருந்து மூன்றாவது பொத்தானைப் பார்த்தேன். வெள்ளை நூல் தீர்ந்துபோய் நான் பச்சை நூலில் தைத்த பொத்தான். எறணாகுளத்தில் நான் எடுத்துக்கொடுத்த சட்டையை எந்தக் கம்பெனி யூனிபாரமாக வைத்திருக்கிறது? எதற்கு இந்தப் பொய்?

பிறகு முகம். பன்னிரண்டரை மணிக்கு அப்போதுதான் குளித்தவர் மாதிரி இருப்பார். முடி ஈரமாக வாரியிருக்கும். காதோரம் சொட்டும். நடுப்பகலில் குளிப்பவர்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று விடுதியில் வேலை பார்க்கிற எவளும் சொல்வாள். நெற்றியில் வேறு சிவப்பாக ஒரு கோடு. "கைய மடக்கி வெச்சு அதுமேல படுத்திருந்தேன்" என்றார். வேலை நேரத்தில் எங்கே படுத்தார்?

பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் ஒரு நாளும் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. மேசையில் தட்டு இருக்காது, டம்ளர் இருக்காது. "சாப்டாச்சு" என்பார், இல்லையென்றால் "இனிமேதான்" என்பார். ஆனால் மேசை காலியாகவும் இருக்காது. ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் இருக்கும். பிளாஸ்டிக் உறையில், மேலே பூப்போட்டது. சில நாள் மடக்குக் குடை. ஒரு நாள், நாடா கோத்த அட்டை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. மூக்கு ஒழுகினால் கைலி நுனியால் துடைக்கிற மனுஷன் பூப்போட்ட டிஷ்யூ வாங்குவாரா?

"அது யாரோட டிஷ்யூ?"

"எது? ஓ, இதா. எனக்குத்தான். சளி பிடிச்சிருக்கு."

பத்து நிமிடத்தில் அவர் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

அப்புறம் அந்தக் கை வந்தது. பேசிக்கொண்டே இருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு பெண் கை நீண்டு அந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தது. நகத்தில் அடர்சிவப்புச் சாயம். அவர் துள்ளி எழுந்தார். "சாரி, சாரி" என்றார். அவளிடம்தான். எனக்கு "செரி, வெக்கட்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கட்டின பெண்டாட்டியிடம் பேசியதற்கு அவளிடம் எதற்குச் சாரி?

அன்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஆரம்பித்தேன். மொத்தம் பத்தொன்பது. விடுதியில் என்னோடு வேலை பார்க்கிற சேச்சியிடம் காட்டினேன். அவர் மலையாளி, என்னைவிட வயதில் பெரியவர், இந்த மாதிரி விஷயங்களில் என்னைவிடக் கெட்டிக்காரர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "ஈ கை ஆருடே?" என்றார். யார் கை என்று தெரிந்தால் நான் ஏன் காட்டப்போகிறேன்? "நகத்தோட நெறம் மாறுன்னுண்டு, கண்டோ? அவனுக்காக தினம் ஒருங்கி வரா மோளே" என்றார். தினம் அலங்கரித்துக்கொண்டு வருகிறாள் என்பது அவர் முடிவு. ஒரு படத்தில் வாட்ச் கட்டின ஆண் கை ஒன்று இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் தள்ளிவிட்டோம்.

அந்த ஊரைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வந்தது. இங்கே மட்டாஞ்சேரியில் ஒருவன் பொய் சொன்னால் சாயாக்கடைக்காரருக்குத் தெரியும், படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவருக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்துவிடும். அங்கே ஊரே கண்ணாடி, ஆனால் ஒருவரும் எதையும் பார்ப்பதில்லை. ஒரு மனுஷன் தினம் ஒருத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டாலும் கேட்க நாதியில்லை.

ஏழாவது மாதம் ஒரு காலை, அவருக்கு ஒரு செய்தி டைப் செய்தேன். மலையாளத்தில். தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது, அதில் எனக்குச் சண்டை போட வராது. 'இனி என்னைக் கூப்பிட வேண்டாம். திரும்பி வந்தாலும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம்.' அவ்வளவுதான். அனுப்பவில்லை. விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. மறுநாள் அனுப்பிவிடலாம் என்று வைத்தேன். பதினாறு வருடம் அந்த இரண்டு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் ஆள் குறைவு என்று என்னைக் கீழே வரச் சொன்னார்கள். மேசை துடைக்கிற வேலை. எட்டரை மணி, நல்ல கூட்டம். சன்னலோர மேசையில் ஆள் இல்லை, யாரோ ஒரு பொருளை விட்டுப் போயிருந்தார்கள். விருந்தாளி விட்டுப்போன எதையும், ஹேர்பின் ஆனாலும், எடுத்து ரிசப்ஷனில் கொடுக்க வேண்டும். அது எங்கள் தொழிலில் முதல் பாடம். கூட்ட அவசரத்தில் என்னவென்று பார்க்காமலே எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு மேசையைத் துடைத்தேன். அடுத்து வந்த குடும்பத்தை அங்கே உட்காரவைத்தேன். பிறகுதான் பையில் கையை விட்டு அதை வெளியே எடுத்தேன்.

டிஷ்யூ பாக்கெட். பூப்போட்டது. அதே உறை.

"அக்கா, இங்க என் டிஷ்யூ இருந்துச்சே?" பின்னால் குரல். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் தட்டு நிறைய இட்லியும் பழமும். "சீட்டுக்குத்தான் வெச்சிட்டுப் போனேன். ஆளு உட்கார்ந்துட்டாங்களே."

முந்தின ராத்திரி சிங்கப்பூரில் இருந்து வந்து இறங்கிய தமிழ்ப் பெண் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிடம் எனக்கு அவள் நகம்தான் தெரிந்தது. சிவப்பு. இவள்தானா? என் வீடு பார்க்க, என் முகம் பார்க்க வந்திருக்கிறாளா? கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் கையில் இருந்த துடைக்கும் துணியை அவள் முகத்தில் எறிய இருந்தேன்.

"சீட்டுக்கு டிஷ்யூ எதுக்கு மேடம்?" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "பழக்கதோஷம்லா. எங்க ஆபீஸ் பக்கம் மத்தியானம் எல்லாக் கட்டடத்துலேர்ந்தும் ஒரே நேரத்துல இறங்குவாங்க. சாப்பாடு வாங்க வரிசையில நின்னா, சீட்டு போயிடும். அதனால மொதல்ல டிஷ்யூவ வெச்சிட்டுப் போயிடுவோம். குடை வெப்பாங்க, ஆபீஸ் கார்டு வெப்பாங்க. அதப் பாத்தா யாரும் உட்காரமாட்டாங்க."

பஸ் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊரில் பிறந்தவள் நான். இருந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை. துண்டு போட்டால் சண்டைக்காவது வருவார்கள். ஆபீஸ் கார்டை மேசையில் போட்டுவிட்டு வரிசையில் போய் நிற்பார்களா? அந்த ஊரை என்னால் இப்போதும் முழுசாக நம்ப முடியவில்லை.

வேறு மேசை தேடிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, போனை நீட்டினேன். "மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கை யாருதுன்னு பாருங்க." பத்தொன்பது படத்தையும் அவள் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இது எங்க ஆபீசுக்குப் பக்கத்துலதான். அக்கா, இது ஒரே கை இல்ல. இது வயசானவங்க, பாருங்க, தோலு. இந்தப் பொண்ணு மோதிரம் போட்டிருக்கு, இதுல இல்ல. இது ஆம்பள." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவர் யாரு?"

"என் வீட்டுக்காரர். அந்தக் கட்டடத்துலதான் வேலை."

அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள். இப்போது கையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "கழுத்துல கார்டு இல்லையே" என்றாள் மெதுவாக. "நெத்தியில இந்தக் கோடு... ஹெல்மெட் போட்டா வரும், அக்கா."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் ஆபீசுக்கு முன்னால் சாலையைத் தோண்டிக் குழாய் பதிக்கிறார்கள். ஆட்கள் விடியும் முன்னே லாரியில் வருவார்கள். அவர்கள் சாப்பாடும் அப்போதே பொட்டலத்தில் வந்துவிடும். மத்தியானம் கட்டடத்துக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் அட்டையை விரித்துச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கொஞ்சம் படுப்பார்கள். "சீட்டுக்காரங்க வரிசையில நிக்கிற நேரத்துல இவரு தலையக் கழுவி, சட்டைய மாத்திக்கிட்டு, அந்தச் சீட்டுல உட்கார்ந்து உங்ககிட்ட பேசுறாருன்னு நினைக்கிறேன். அவங்க வந்ததும் எந்திரிச்சிடுறாரு." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் தினம் அந்தப் படிக்கட்டத் தாண்டித்தான் போறேன், அக்கா. ஒரு முகத்தக்கூடப் பார்த்ததில்ல."

வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி எனக்கு ஒரு நிமிடம்தான் நின்றது. வேறொருத்தி இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். இதற்கு யாரைத் திட்டுவது? ஈர முடி, சிவப்புக் கோடு, பச்சை நூல் பொத்தான், எல்லாவற்றையும் நான் சரியாகத்தான் பார்த்திருந்தேன். ஒன்றைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை. அப்போதும் பாழாய்ப்போன மனசு சொன்னது: இந்தப் பெண் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? நீயே பார்.

பத்து மணிக்கு மாடி அறையில், பிரம்பு நாற்காலியில் இருந்தேன். போன் அடித்தது. நீலச் சட்டை, ஈர முடி. மேசையில் ஒரு பச்சைக் குடை.

"எந்திரிங்க" என்றேன்.

"என்னது?"

"அந்தக் கொடைக்காரங்க வரதுக்கு முன்னாடி எந்திரிங்க. நீங்க சோறு திங்கிற எடத்துக்குப் போய்ப் பேசுங்க."

அவர் குடையைத் திரும்பிப் பார்த்தார். "இங்கதான்டீ வைஃபை கெடைக்கும்."

"ஒரு நாளைக்கு டேட்டாவப் போடுங்க."

திரை ஆடியது. நாற்காலிக் கால்கள், பளபளக்கிற தரை, வரிசையில் நிற்கிறவர்களின் ஷூக்கள், பிறகு கண்ணைக் கூசும் வெயில். ஒரு திருப்பம். நிழல். படிக்கட்டின் அடிப்பக்கம். சேறு காய்ந்த பூட்ஸ்கள் வரிசையாக, யாரோ முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். அவர் அட்டையில் உட்கார்ந்து போனை ஒரு மஞ்சள் ஹெல்மெட்டில் சாய்த்து வைத்தார். நீலச் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்தார். உள்ளே பனியன், கழுத்து வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம்.

"ஏசி வேலைதான்டீ. பொய் சொல்லல" என்றார். "அந்தக் கட்டடத்துக்கெல்லாம் குளுந்த தண்ணி போற கொழாயி. ரோட்டுக்கடியில போகுது."

"பொட்டலத்தப் பிரிங்க."

பிரித்தார். சோற்றின் மேலேயே சாம்பார் ஊற்றியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாய் வைத்தார். "புளிச்சிருச்சா?" என்றேன். "லேசா. குழப்பமில்ல, திங்கலாம்." அவர் மென்று விழுங்குவதை ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"ஏன் மறைச்சீங்க? தோண்டற வேலைன்னா நான் என்ன, வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

அவர் நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீதானடீ நாற்காலியில பாக்கணும்னு சொன்ன."

என் முதுகுக்குப் பின்னால் பிரம்பு கிரீச்சிட்டது. நான் எழுந்துவிட்டேன். போனைத் திருப்பி அறையை அவருக்குக் காட்டினேன். கலைந்த கட்டில், யாரோ ஒருவருடைய பெட்டி, கொடியில் யாருடைய துண்டோ, கதவருகே என் பக்கெட். "பாத்துக்கங்க. இது என் ரூம் இல்ல. நான் சூப்பர்வைசரும் ஆகல. இந்த நாற்காலியில நான் உக்காரவே கூடாது." சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தேன்.

அவர் கை பொட்டலத்தில் நின்றது. பிறகு சிரித்தார். கல்யாணமான புதிதில் என்னைப் போலீஸ் என்று சொல்லும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"தெரியும்டீ."

"என்ன தெரியும்?"

"ஒனக்குப் பின்னாடி நாளுக்கொரு பெட்டி இருக்கும். ஒரு நா செவப்பு, ஒரு நா சக்கரம் வெச்சது, ஒரு நா வெள்ளைக்காரங்க முதுகுல மாட்டுறது. ரெண்டாம் மாசமே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"என்னத்துக்குக் கேக்க?" அவர் அடுத்த வாயை எடுத்தார். "நீ உக்காந்திருந்தியே. பாக்க நல்லாருந்துச்சு."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரோ விசில் ஊதினார்கள், துண்டைப் போட்டுப் படுத்திருந்தவர் எழுந்தார், இவரும் ஹெல்மெட்டை எடுத்தார். போனை வைத்த பிறகு, அனுப்பாமல் வைத்திருந்த அந்த இரண்டு வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அப்புறம் அந்தப் பிரம்பு நாற்காலியைத் துடைத்துச் சன்னலோரம் பழையபடி போட்டுவிட்டு, படுக்கையை விரிக்க ஆரம்பித்தேன்.